மாமனார் கொடுத்த சிவப்பு வண்டி

எனக்குக் கார் ரிப்பேர் தெரியும் என்று திருமயத்திலிருந்து பொன்னமராவதி வரைக்கும் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பி விட்டவன் நான்தான். வேறு யாருக்கும் அப்படி ஓர் எண்ணம் வருவதற்கு முகாந்திரமே கிடையாது. திருச்சியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தேன். பரீட்சை எழுதும் வரைக்கும் நன்றாகத்தான் படித்தேன். அதற்கப்புறம் பொன்னமராவதி கடைவீதியில் எங்கள் ஜவுளிக்கடையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் படித்தவன் என்கிற திமிர் மட்டும் கூடவே வந்து கடையில் உட்கார்ந்துகொண்டது.

வண்டி கல்யாணத்தில் வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். என் மாமனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. தாழ்ந்த உடம்பு, துணிக்கூரை, நீண்ட மூக்கு, முதுகில் பெட்ரோல் டாங்கி, இரண்டே இரண்டு சீட்டு. மாமனார் அதைப் பத்து வருஷத்துக்கு மேல் அங்கே ஓட்டி, பிறகு கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கி, மகளுக்குச் சீராகக் கொடுத்தார். பித்தளை அண்டாக்களுக்கும் வெள்ளிக் குத்துவிளக்குகளுக்கும் பக்கத்தில், பந்தலுக்குள் அது சிவப்பாக நின்றது.

என்னைப் பெற்ற ஆத்தா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, ரெண்டு பேருதான் ஒக்காரலாம்னா, புள்ள பொறந்தா எங்கிட்டு வைப்பீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு அந்தப் பந்தலில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தேன்.

முதல் வருஷம் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. காரணம், அப்போது அதை யாரும் பராமரிக்கவில்லை. கல்யாணக் களைப்பு தீர்ந்து, பழைய வண்டிக்கு ஒழுங்கான கவனிப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குப் போக மாட்டேன். ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவரச் சொல்லி நானே கழுவுவேன். கடையிலிருந்து எடுத்து வந்த மல் துணியால் நானே துடைப்பேன். அப்புறம் அலங்காரம். முன்னால் ரேடியேட்டருக்கு விபூதிப் பட்டை, விளக்கு இரண்டுக்கும் சந்தனம், சக்கரம் நாலுக்கும் சந்தனம் குங்குமம், ஸ்டியரிங்குக்கு ஒன்று, முதுகில் டாங்கியின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த பெட்ரோல் மூடிக்கு நல்ல பெரிய பொட்டாக ஒன்று. வண்டி சாப்பிடுகிற வாய் அது என்பதால் அங்கே மட்டும் தாராளமாக வைப்பேன். போன வாரத்துச் சந்தனத்தைச் சுரண்டி எடுப்பது அபசாரம் என்று அதன் மேலேயே இந்த வாரத்துச் சந்தனத்தை அப்புவேன். வீட்டில் வேறு யாரும் கிட்டே வரக் கூடாது. வந்தால் கத்துவேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்தேன்; குளிக்கும்போதுகூட அது என்னிடம்தான் இருக்கும்.

என் மனைவி அந்த நேரத்தில் வண்டிக் கொட்டகை வாசலில் நின்று பார்ப்பாள். நான் வண்டியை வைத்துக் கொண்டாடுவதைப் பார்த்து அவளுக்குப் பெருமை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கவனிப்பின் பலனாக வண்டி நிற்க ஆரம்பித்தது.

கிளம்பும்போது ஒரு தொந்தரவும் இருக்காது. சாவியைத் திருகியதுமே உறுமும். ஊரைத் தாண்டி, ஊருணிக்கரை தாண்டி, திருமயம் ரோட்டில் ஏறி ஒரு மூச்சு ஓடும். அங்கே புளியமரத்தடியில் ஒரு டீக்கடை. கடைக்குப் பக்கத்தில் போகும்போது இரண்டு தடவை இருமி, ஒரு தடவை குலுக்கி, அப்படியே படுத்துவிடும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எப்போதும் அந்த இடத்தைச் சுற்றித்தான். டீக்கடைக்காரர் என் ஹாரன் சத்தம் கேட்டதுமே பெஞ்சைத் துடைத்து வைப்பார். "வாங்கண்ணே, ஒங்களுக்குத்தான் பால் வச்சிருக்கேன்" என்பார். அவர் கடைக்கு நான் தினப்படி வாடிக்கை ஆனது இப்படித்தான்.

நின்றதும் நான் முதலில் செய்வது பெட்ரோல் பார்ப்பது. பெட்ரோல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துப் போயிருந்ததால், பின்னால் போய் மூடியைத் திறந்து ஒரு வேப்பங்குச்சியை விட்டு எடுப்பேன். மூடியைத் திறக்கும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். கூடியிருக்கிறவர்களிடம், "பாத்தீங்களா, பெட்ரோல் எவ்வளவு காரம்னு!" என்று விளக்கம் சொல்வேன். அவர்களும் தலையாட்டுவார்கள். குச்சி பாதி வரைக்கும் நனைந்திருக்கும். மூடியைப் பழையபடி இறுக்கி மூடிவிட்டு, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, இன்ஜின் பக்கம் வருவேன். பிளக்கைக் கழற்றி ஊதுவேன். மாட்டினால் வண்டி ஓடும். ஆகவே கோளாறு பிளக்கில்தான். அடுத்த நாள் பிளக்கை மாற்றிவிட்டுக் கிளம்பினால் மறுபடியும் புளியமரம். மறுபடியும் குச்சி, மறுபடியும் 'புஸ்ஸ்'. இந்தத் தடவை காயிலைத் தட்டிப் பார்ப்பேன். ஓடும். ஆகவே காயில். இப்படியே பெட்ரோல் பம்ப், பாயின்ட், பாட்டரி, வயர் என்று அந்த வண்டியில் நான் குற்றம் கண்டுபிடித்துச் சரிசெய்யாத உறுப்பே இல்லை. எல்லாமே என் கை பட்டதும் குணமாயின. வண்டி மட்டும் குணமாகவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கண்ணில் படுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. புதுக்கோட்டையில் பெட்ரோல் போடுகிறவர் தண்ணீர் கலக்கிறார் என்று அவரிடமே போய்ச் சண்டை போட்டேன். மகாராஜா காலத்தில் இப்படி உண்டா, சமஸ்தானம் போனதோடு பெட்ரோலும் கெட்டுப் போச்சு என்று டீக்கடையில் ஒரு பிரசங்கம் செய்தேன். புளியமரத்தில் ஏதோ இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டபோது, பௌதிகம் படித்தவனிடம் இப்படிப் பேசலாமா என்று அவர்களைக் கடிந்துகொண்டேன். அடுத்த நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து மரத்தடியில் ஒரு தேங்காய் உடைத்தேன். அன்றைக்கும் வண்டி நின்றது. தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

இப்படிச் சில வருஷங்கள் போன பிறகு மாமனார் பினாங்கிலிருந்து வந்தார். அவர் வீடு எங்கள் ஊரிலிருந்து டீக்கடையைத் தாண்டி நாலைந்து மைல். வந்தவர் கொஞ்ச நாள்தான் இருப்பதாக இருந்தது. உடம்பு தளர்ந்துவிட்டது, நெஞ்சு வலி வேறு. அங்கே கடையை ஒப்படைத்துவிட்டு வரவேண்டும், ஆனால் வந்து சேர்வேனோ மாட்டேனோ என்று அவரே சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்கு ஒன்னே ஒன்னு வேணும். அப்பச்சி கப்பலேறதுக்கு முன்னாடி, அவுகளும் நானும் மட்டும் அந்த வண்டியில ஒரு தடவ போயிட்டு வரணும். பினாங்குல கடக்கரை ரோட்டுல ரெண்டு பேரும் போவோம். அது மாதிரி ஒரு தடவ."

அப்பச்சி என்று அவள் சொல்வது அவள் அப்பாவை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. "இவ்வளவுதானே! இதுக்குப் போயி..." என்றேன்.

ஆனால் அதில் ஒரு சங்கதி இருந்தது. எங்கள் பக்கத்தில் மகளுக்குச் சீராகக் கொடுத்த பொருளைக் கொடுத்தவர் திரும்பத் தொட மாட்டார். மகள் கூப்பிட்டாலும் அந்த வண்டியில் ஏற மாட்டார். மாப்பிள்ளையே வீடு தேடிப் போய், வருந்திக் கேட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்தால்தான் உண்டு. ஆக, எல்லாம் என் கையில் இருந்தது. போய்க் கூப்பிடுவதற்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் கூப்பிட்ட பிறகு வண்டி புளியமரத்தடியில் படுத்துவிட்டால்? பத்து வருஷம் பினாங்கில் ஒரு நாள்கூட நிற்காத வண்டியை இவன் இந்தக் கதிக்கு ஆக்கிவிட்டானே என்று அவர் நினைத்துவிட்டால்? இந்த நினைப்பு வந்ததும் பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துவிட்டேன்.

"ரெண்டு நாள் பொறு. முழுசாப் பாத்துட்டுக் கூப்பிடுறேன்" என்றேன்.

கார்பரேட்டரைக் கழற்றி வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் பாய் விரித்துப் பரப்பினேன். திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அது அதிகப்படி என்று முடிவு செய்தேன். ஓட்டிப் பார்த்தேன், நின்றது. "ஆச்சா?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றேன். அடுத்த நாள் பம்பைக் கழற்றினேன். "ஆச்சா?" "கண்டிப்பா நாளைக்கு." அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது, காபி சூடாக வந்தது, முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாமனார் மறுநாள் ரயிலேற வேண்டும் என்கிற நிலைமை வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் நான் கொட்டகைக்குள் போனால், அவள் நல்ல புடவை கட்டி, கொண்டை போட்டு, அவள் வழக்கமாக உட்காரும் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எடுங்க வண்டிய" என்றாள்.

எடுத்தேன். ஊருணிக்கரை தாண்டினோம். மனசுக்குள் எல்லா சாமியையும் கூப்பிட்டேன். டீக்கடை கண்ணுக்குத் தெரிந்தது, வண்டி இருமியது. டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு ஓடினார். வண்டி நின்றது.

நான் இறங்கிப் பின்னால் போய்க் குச்சி விட்டுப் பார்த்து, மூடியை மூடிவிட்டு, சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே முன்னால் வந்தேன்.

"சட்டையக் கழட்டாதீங்க. ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் அவள்.

"இன்னும் நான் ஒன்னுமே பாக்கலையே!"

"பாக்க வேணாம். இத்தன வருசமா இங்கனதான் ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு நா பிளக்குங்கிறீங்க, ஒரு நா வயருங்கிறீங்க. எல்லா நாளும் செய்றது ஒன்னுதான். மூடியத் தொறக்குறீங்க, 'புஸ்ஸு'ங்குது, வண்டி ஓடுது. மத்ததெல்லாம் நீங்க நடுவுல செய்ற பூசை."

எனக்கு வந்ததே கோபம்! "பெட்ரோல் மூடிக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? நான் காலேஜுல பௌதிகம் படிச்சவன், தெரியுமா?" என்று ரோட்டில் நின்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. சரி, பாடம் புகட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். அந்த வண்டி ஓடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்கு ஒரு நாள்தான். சாவியைத் திருகியதும் உறுமியது.

மேற்கொண்டு இரண்டு மைல் ஓடி மறுபடியும் நின்றது. இந்தத் தடவை அவளே இறங்கிப் பின்னால் போனாள். மூடியைத் திறந்து கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. மேல்பக்கத்தில் ஓட்டையைக் காணோம். அங்கே வாரா வாரம் அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஓடு மாதிரி பாளம் கட்டிக் கிடந்தது. கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, பாளத்தைப் பெயர்த்து, ஓட்டையைக் குத்தி, வாயால் ஊதினாள். மூடியைத் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

அந்தக் கணத்தில் எனக்குப் பௌதிகம் முழுவதும் ஞாபகம் வந்தது. டாங்கியிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். காற்று வருகிற வழியை அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், பெட்ரோல் வர மறுக்கும். பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த விஷயம். 'புஸ்ஸ்' என்று வந்தது பெட்ரோலின் காரம் இல்லை. மூச்சு முட்டிக் கிடந்த டாங்கி காற்றை இழுத்துக்கொண்ட சத்தம்.

"இது யாரு வச்ச பொட்டு?" என்று கேட்டாள்.

யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

அங்கிருந்து அவள் அப்பச்சி வீடு வரைக்கும் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. மாமனார் வாசலில் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் ஓர் அடி முன்னால் வைத்தார். அப்புறம் வழக்கம் ஞாபகம் வந்ததோ என்னவோ, நின்றுகொண்டார்.

நான் போய்க் கையைப் பிடித்தேன். "மாமா, நீங்க ஒரு தடவ ஓட்டணும்."

"அது எப்படி மாப்பிள்ளை? குடுத்ததுல நான் ஏறலாமா?"

"குடுத்தவுக கை படலேன்னுதான் வழி நெடுக கோவிச்சுக்கிட்டு நிக்குது மாமா. எனக்காக ஏறுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் இறுக்கிப் போட்டுக்கொண்டு வலது பக்கம் ஏறினார். அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் நான் மரியாதையாக ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் வழியில் ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள நான் இல்லாமல் எப்படி? சீட்டுக்குப் பின்னால் துணிக்கூரையை மடித்து வைக்கிற இடுக்கில் ஒரு காலை வைத்துவிட்டேன். வேட்டி ஆணியில் மாட்டிக்கொண்டது. என் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். காலை எடுத்துவிட்டேன். "எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். மாமனார் வீட்டில் எனக்கு என்ன வேலை, மண்ணாங்கட்டி!

வண்டி போனது. தெருக்கோடியில் திரும்பும்போது அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் ஓட்டும்போதெல்லாம் அவள் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வருவாள். அந்த வண்டியில் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வயசான மனுஷர் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நேரம் ஆகிக்கொண்டே போனது. எங்கேயாவது நின்றிருக்கும், கிழவர் வெயிலில் தள்ளிக்கொண்டிருப்பார் என்று நினைத்து ரோட்டுக்கே வந்து நின்றேன். கடைசியில் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. நல்ல வேகம். கிட்டே வந்தபோதுதான் பார்த்தேன், இடது பக்கம் மாமனார் துண்டு காற்றில் பறக்க உட்கார்ந்திருந்தார். ஓட்டிக்கொண்டு வந்தது என் மனைவி.

கியரை இறக்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் என் காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் நிறுத்தினால் தலை முன்னால் போய் வரும்.

"ஒனக்கு... ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"அப்பச்சி பினாங்குலயே கத்துக் குடுத்தாக."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

"நீங்க சாவிய யாருகிட்டயும் குடுக்கவே இல்லையே."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது அவளுக்கு. மாமனார் மெதுவாக இறங்கி இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். "வண்டிய அருமையா வச்சிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார். மூடியின் கதையை அவள் அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "இந்தப் பக்கத்து சீட்டுல மட்டும் என்னமோ குத்துது. அத ஒரு நா பாருங்க" என்றார்.

மறுநாள் ரயிலேறிப் போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் பினாங்கிலிருந்து தந்திதான் வந்தது. அவள் அழுது ஓய்ந்த பிறகு, "அன்னைக்கு ஒரு தடவ போயிட்டு வந்துட்டேன்ல" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் இருவரும் வண்டியில் போய்வந்த அன்றைக்குச் சாயங்காலம், மாமனார் வீட்டிலிருந்து கிளம்பும்போது, அவள் வலது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாவி அதிலேயே இருந்தது. நான் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் இடது சீட்டில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாரா வாரம் கழுவித் துடைத்த வண்டி; இந்தச் சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்கார்ந்த மாத்திரத்தில், மேல் தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருந்த ஸ்பிரிங் கம்பி ஒன்று இடுப்புக்குக் கீழே சுருக்கென்று ஏறியது. துள்ளிவிட்டேன்.

"இது எப்பலேர்ந்து குத்துது?"

"கல்யாணம் ஆன வருசத்துலேர்ந்து" என்று சொல்லிவிட்டு அவள் கியரைப் போட்டாள்.

வீடு வந்து சேரும் வரைக்கும் நான் அந்தக் கம்பியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.